ஜப்பானில் ஒரு குயவரின் பட்டறைக்குள் நுழைவது எப்படி?

ஓராண்டாகச் சென்னையில் சக்கரத்தில் வனையக் கற்றுவருவதாகவும், வரும் அக்டோபரில் கணவருடன் 12 நாள் ஜப்பானில் இருக்கப்போவதாகவும், அங்கே குயவர்களை அவர்களுடைய பட்டறையிலேயே பார்க்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த ஊர்களுக்குப் போகலாம் என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் கடைசி இரண்டு வரிகளில் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது: மொழி தெரியாமல் போய் நின்றால் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா, எதுவும் வாங்காமல் திரும்பினால் தவறாக நினைப்பார்களா? அந்தத் தயக்கம் உங்களிடம் இருப்பது நல்லது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு, பிறகு ஊர்களுக்கு வருகிறேன்.

நான் புதுச்சேரியில் மண்வேலை கற்றவன். இந்தத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதுச்சேரியில் இன்று நடக்கும் பட்டறை மட்பாண்ட வேலைக்கே ஜப்பானோடு உறவு உண்டு. 1971இல் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரில் டெபோரா ஜப்பானின் பிஸெனில் பயின்றுவந்தவர். அவர்களுடைய மாணவர்களும், மாணவர்களின் மாணவர்களும்தான் இன்று புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பரவியிருக்கிறார்கள். நான் கற்றதும் அந்த வழியில் வந்த ஒரு பட்டறையில்தான். ஜப்பானுக்கு மூன்று முறை போயிருக்கிறேன், ஒருமுறை விறகுச் சூளை எரிப்பில் கைவேலைக்கு நின்றிருக்கிறேன். அரிதா போன்ற பீங்கான் ஊர்கள் என் துறையில் சேராதவை. அதனால் அவற்றைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை. கீழே நான் எழுதுவதில் ஆண்டுகள், இடங்கள், மண்ணும் நெருப்பும் நடந்துகொள்ளும் விதம் ஆகியவை உறுதியானவை. யாரை எப்படி அணுகலாம் என்பது என் அனுபவத்தில் கண்டது, ஆளுக்கு ஆள் மாறக்கூடியது. பேருந்து நேரமும் திருவிழாத் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. அவற்றைக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நீங்களே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜப்பானின் மட்பாண்ட ஊர்களில் ஒரு குயவரின் இடம் பெரும்பாலும் மூன்று பகுதிகளாக இருக்கும். தெருவைப் பார்த்தபடி ஒரு சிறு கடை அல்லது காட்சிக்கூடம், அதற்குப் பின்னால் வேலை செய்யும் கொட்டகை, அதற்கும் பின்னால் சூளை. வீடு இவற்றோடு ஒட்டியோ மேலேயோ இருக்கும். முதல் பகுதிக்குள் யாரும் போகலாம். அதற்கு முன் அனுமதியும் வேண்டாம், மொழியும் வேண்டாம், வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அழைப்பு வேண்டும். கதவு திறந்திருப்பது அழைப்பாகாது. மண் தூசி வெளியேறவும் வெளிச்சமும் காற்றும் வரவும்தான் அது திறந்திருக்கிறது. மானாமதுரையில் ஒருவர் வீட்டு முற்றத்தில் கடம் தட்டிக்கொண்டிருக்கும்போது தெருவில் போகிற அந்நியர் உள்ளே வந்து கைப்பேசியை நீட்டினால் எப்படி இருக்குமோ, அங்கேயும் அப்படித்தான். இங்கே ஒருவேளை "என்ன வேணும்?" என்று கேட்டுவிடுவார்கள். அங்கே கேட்க மாட்டார்கள், வேலையை நிறுத்திவிட்டு உங்களை உபசரிப்பார்கள்.

முதல் பயணத்தில் நான் செய்த பிழையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். நகோயாவுக்குத் தெற்கே, விமான நிலையத்துக்கு அருகில், தொகோனாமே என்ற ஊர் இருக்கிறது. சுட்ட மண்குழாய்களையும் பழைய மதுச் சாடிகளையும் அடுக்கிக் கட்டிய சரிவுச் சுவர்களுக்கு நடுவே நடந்து பார்ப்பதற்கென்றே ஒரு பாதை வைத்திருக்கிறார்கள். 1887இல் கட்டி 1974 வரை எரித்த, 10 புகைபோக்கிகள் கொண்ட ஏறுசூளை (சரிவில் ஏறிச் செல்லும்படி கட்டிய சூளை) ஒன்று அந்தப் பாதையில் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சந்தில் கதவு திறந்திருந்தது. உள்ளே வயதான ஒருவர், பக்கவாட்டில் பிடி வைத்த சிறு தேநீர்க் கெண்டிகளுக்கு மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊர்க் கெண்டி இரும்புச் சத்துள்ள சிவந்த மண்ணில் செய்வது. பெரும்பாலும் மெருகு (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசுவதில்லை. உடல், மூக்கு, பிடி, மூடி எல்லாவற்றையும் தனித்தனியாக வனைந்து, தோல் பதத்துக்கு இறுகியதும் சீவி ஒட்டுவார்கள். நான் வணக்கம் சொல்லி உள்ளே நுழைந்தேன். அவர் உடனே எழுந்து, கை கழுவி, இருக்கை காட்டி, தேநீர் வைத்தார். முக்கால் மணி நேரம் படங்களைக் காட்டியும் கைச்சாடையாலும் பேசிக்கொண்டிருந்தோம். நான் எழுந்தபோது பலகையில் வரிசையாக இருந்த மூக்குகளின் விளிம்பு வெளுத்திருந்தது. அதைப் பார்த்தும் மனத்தில் பதியவில்லை. ரயிலில் அமர்ந்த பிறகுதான் உறைத்தது. ஈரமான உடலில் வெளுத்துக் காய்ந்த மூக்கை ஒட்டினால் காயும்போது ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். ஒரு காலை முழுவதும் அவர் வனைந்தவற்றில் ஒரு பகுதியை அன்று அவர் மீண்டும் பிசைமண்ணோடு சேர்த்திருப்பார். என்னிடம் அவர் முகம் சுளிக்கவே இல்லை. தொழில் தெரிந்த நானே இப்படிச் செய்தேன் என்பதால்தான் உங்களிடம் இதை வலியுறுத்துகிறேன்: குயவரின் நேரத்தை மண்ணின் ஈரம்தான் முடிவு செய்கிறது. விருந்தினருக்காக அது காத்திருக்காது.

ஆகவே முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். மூன்று வாரம் முன்னதாக ஒரு மின்னஞ்சல் போதும். பட்டறைக்கு இணையதளம் இல்லாவிட்டால், அந்த ஊரின் சுற்றுலாச் சங்கத்துக்கோ குயவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ எழுதலாம். அவர்கள் வழியாகப் போவது அங்கே இன்னும் மரியாதையாகக் கருதப்படுகிறது. குறுகிய வாக்கியங்களில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானியமாக்குங்கள். நீண்ட வாக்கியம் மொழிமாற்றத்தில் சிதைந்துபோகும். இந்தியாவிலிருந்து இருவர் வருகிறோம், நான் ஓராண்டாக மட்பாண்டம் கற்கும் மாணவி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை உங்கள் ஊரில் இருப்போம், வேலைக்கு இடையூறு இல்லாத நேரத்தில் 20 நிமிடம் பட்டறையைப் பார்க்க இயலுமா, சூளை எரிக்கும் நாளாகவோ வேலை மிகுந்த வாரமாகவோ இருந்தால் காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறோம் என்ற அளவில் இருந்தால் போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஜப்பானியர் நேரடியாக மறுப்பதை விரும்புவதில்லை. மறுப்பதற்கு நீங்களே ஒரு வழியைத் திறந்துவைத்தால் அவர்களுக்கு எளிதாக இருக்கும். பதிலில் "சற்றுக் கடினம்" என்று வந்தால் அது மறுப்பு என்றே கொள்ளுங்கள், வேறு தேதி கேட்டு மீண்டும் எழுத வேண்டாம். பதிலே வராவிட்டாலும் அப்படித்தான்.

இனி ஊர்கள். 12 நாளில் ஆறு ஊர் போடும் பயணத்திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போனால் கடைகளைத் தவிர எதையும் பார்க்க முடியாது. டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் உங்கள் கணவர் ஒதுக்கச் சொல்லும் நாட்கள் போக மிஞ்சுவதில் இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஓர் இரவு தங்குங்கள். உங்களைப்போல் ஓராண்டு வனைந்தவருக்கு நான் சொல்வது மாஷிகோவும் பிஸெனும். இது என் தேர்வு. வேறொரு குயவரைக் கேட்டால் வேறு சொல்வார்.

மாஷிகோ, டோக்கியோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டரில், தொசிகி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்குப் பழம்பெருமை கிடையாது. 1853இல் ஒட்சுகா கெய்சாபுரோ என்பவர் அங்கே சூளை வைத்த பிறகு, தண்ணீர்ச் சாடி, ஊறுகாய்ப் பானை, உரல்கிண்ணம், கெண்டி என்று தலைநகரின் அடுப்படிக்குக் கலம் அனுப்பிய ஊர் அது. 1924இல் ஹமாதா ஷோஜி என்ற குயவர் அங்கே குடியேறினார். அதற்கு முன் அவர் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சுடன் இங்கிலாந்துக்குப் போய், 1920இல் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை நிறுவ உதவியவர். டோக்கியோவில் கற்று, கியோட்டோவில் வேலை பார்த்து, இங்கிலாந்தைக் கண்டுவந்த ஒருவர், கரடுமுரடான மண் கிடைக்கும் ஒரு கிராமத்தைத் தேடி வந்து அமர்ந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஊர் மண், அந்த ஊர்க் கல்லைப் பொடித்த செம்பழுப்பு மெருகு, உமிச் சாம்பலில் செய்த பால்வெள்ளை மெருகு என்று உள்ளூரில் கிடைப்பதை வைத்தே அவர் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தார். 1955இல் ஜப்பானிய அரசு அவரை "வாழும் தேசியச் செல்வம்" என்று அறிவித்தது. 1978இல் மறைந்தார். நெல் விளையும் ஊரிலிருந்து போகும் நமக்கு அந்த உமிச் சாம்பல் வெள்ளையைப் பார்க்கும்போது ஒரு தனி நெருக்கம் உண்டாகும். தஞ்சை ஆலைகளில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் அதே பொருள்தான் அங்கே ஒரு கிண்ணத்தின் உட்புறத்தில் பாலேடுபோல் படிந்திருக்கிறது.

அவர் வாழ்ந்த வீடும் பட்டறையும் சூளையும் இன்று சங்கோகான் என்ற அருங்காட்சியகமாக இருக்கின்றன. 1977இல் அவரே திறந்துவைத்தது. 2011 மார்ச் நிலநடுக்கத்தில் அவருடைய ஏறுசூளை சேதமடைந்தது. ஊர்க்குயவர்கள் கூடி அதைச் சீரமைத்து 2015இல் மீண்டும் எரித்தார்கள். உங்கள் பயணத்தில் முதல் அரை நாளை இங்கே செலவிடச் சொல்வேன். யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு பட்டறையின் அமைப்பை முழுதாகப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை: சன்னலோரத்தில் தரையோடு பதித்த சக்கரங்கள், வெளிச்சம் இடது வலது எந்தப் பக்கம் விழுகிறது, காயவைக்கும் பலகைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று நின்று பாருங்கள். இதைப் பார்த்துவிட்டு உயிருள்ள பட்டறை ஒன்றுக்குள் போனால் கண் எங்கே போக வேண்டும் என்று அதற்கே தெரிந்திருக்கும்.

மாஷிகோவில் நூற்றுக்கணக்கானோர் மண்வேலை செய்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் அதிகம், அதனால் அந்நியரை ஏற்கும் பழக்கமும் அதிகம். அன்றாட வகுப்புகள் நடத்தும் இடங்களும் இருக்கின்றன. ஒரு மணி நேர வகுப்பில் சேருங்கள். ஜப்பானில் சக்கரம் பெரும்பாலும் வலஞ்சுழியாகச் சுற்றும். நீங்கள் சென்னையில் கற்றது இடஞ்சுழியாகத்தான் இருக்கும். மின்சக்கரத்தில் திசை மாற்றும் விசை உண்டு, கேட்டால் மாற்றித் தருவார்கள். ஆனால் ஒரு கிண்ணத்தையாவது அவர்கள் திசையில் வனைந்து பாருங்கள். ஓராண்டில் கைக்குப் பழகிப்போன எல்லாம் மறந்து, மண்ணை மையப்படுத்துவது என்றால் என்ன என்பதை விரல்கள் முதல் நாள் போல மறுபடி தேடும். நீங்கள் வனைந்ததை அவர்கள் பின்னர் மெருகிட்டுச் சுட்டு அனுப்ப ஒன்றிரண்டு மாதம் ஆகும். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் அனுப்புவதில்லை. வசந்தத்தில் ஏப்ரல் இறுதியிலும் இலையுதிர் காலத்தில் நவம்பர் தொடக்கத்திலும் அங்கே பெரிய மட்பாண்டச் சந்தை கூடும். நீங்கள் அதற்கு முன்பே திரும்பிவிடுகிறீர்கள். வருந்த வேண்டாம், சந்தை நாட்களில் வாங்கலாம், பேச முடியாது. ஆனால் சந்தைக்கு முந்தைய வாரங்களில் எல்லோரும் சூளையோடு போராடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் அக்டோபரின் முதல் பாதியில் போவது நல்லது.

பிஸென் வேறு உலகம். மேற்கு ஜப்பானின் ஒகயாமா நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் 40 நிமிடத்தில் இம்பே என்ற சிறு நிலையம். இறங்கினால் எதிரே புகைபோக்கிகள் தெரியும். இடைக்காலம் முதல் இடைவிடாமல் எரிந்துவரும் ஜப்பானின் பழஞ்சூளை ஊர்கள் ஆறில் இது ஒன்று. இங்கே மெருகு பூசுவதே இல்லை. நெல்வயல்களுக்கு அடியிலிருந்து தோண்டி எடுக்கும் பசையுள்ள கருமண்ணைப் பதப்படுத்தி, வனைந்து, சுடாத பச்சைக்கலத்தையே நேராகச் சூளையில் அடுக்கி, பைன் விறகால் 10 முதல் 14 நாள் வரை எரிக்கிறார்கள். சூட்டை அவசரப்பட்டு ஏற்றினால் அந்த மண் தாங்காது. ஆண்டுக்கு ஒரு முறை அல்லது இரண்டு முறைதான் ஒரு பட்டறையால் அப்படி எரிக்க முடியும்.

அங்கே ஒரு கலத்தைக் கையில் எடுத்தால் அதைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் எள்ளைத் தூவியதுபோல் மஞ்சள் பொட்டுகள் இருந்தால், அந்தப் பக்கம் நெருப்பைப் பார்த்திருந்தது. விறகுச் சாம்பல் பறந்துவந்து படிந்து உருகியது அது. அதை அவர்களும் "கோமா", அதாவது எள், என்றுதான் சொல்கிறார்கள். வெளிறிய உடலில் தழல்நிறக் கோடுகள் ஓடியிருந்தால், அங்கே வைக்கோல் சுற்றியிருந்தார்கள்; வைக்கோலில் உள்ள பொட்டாசியம் மண்ணோடு வினைபுரிந்து அந்தச் சிவப்பைத் தருகிறது. தட்டின் நடுவே வட்டமான தழும்பு இருந்தால் அதன்மேல் இன்னொரு கலத்தை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். ஆக, அந்தக் கலம் சூளையில் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி, யாருக்குக் கீழே இருந்தது என்பதை நீங்களே படித்துவிடலாம். மொழி தெரியாதவருக்கு இது பெரிய உதவி: கலத்தைத் திருப்பி எள்பக்கத்தைக் காட்டி, கையால் நெருப்பு வந்த திசையைக் கேட்டால், எந்தக் குயவரும் முகம் மலர்ந்து சூளையின் படத்தை வரைந்து காட்டிவிடுவார். எனக்கு இரண்டு முறை அப்படி நடந்திருக்கிறது.

இம்பேயில் கடைத்தெருவோடு திரும்பிவிடாமல், கூரை ஓடும் சுவரும் பிஸென் மண்ணிலேயே அமைந்த அமாட்சு கோயிலுக்குப் போங்கள். ரயில் நிலையத்துக்குத் தெற்கே மலைச்சரிவில் 50 மீட்டருக்கு மேல் நீண்ட பழைய பொதுச்சூளையின் சிதைவும், அதைச் சுற்றி உடைந்த ஓடுகளின் மேடும் இருக்கின்றன. ஓர் ஓட்டுத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது, அது பாதுகாக்கப்பட்ட இடம். வழக்கமாக அக்டோபரின் மூன்றாவது வார இறுதியில் இங்கே மட்பாண்டத் திருவிழா நடக்கும். விலையைக் குறைத்து விற்பார்கள், தெரு நிரம்பி வழியும். வாங்குவது நோக்கமானால் அந்த நாளில் போகலாம். பட்டறை பார்ப்பது நோக்கமானால் அதைத் தவிர்த்து ஒரு வார நாளில் போங்கள்.

மூன்றாவதாக ஓர் ஊருக்கு இடமிருந்தால், நாட்கள் கூடியிருந்தால், கியூஷு தீவில் ஹிதா நகருக்கு மேலே மலைக்குள் இருக்கும் ஒன்தா. 1705இல் தொடங்கிய அந்தச் சிற்றூரில் இன்றும் பத்துக்கும் குறைவான குடும்பங்களே வேலை செய்கின்றன. வெளியாரைச் சீடராக எடுப்பதில்லை, கலத்தில் தனிப்பெயர் பொறிப்பதில்லை. ஓடைநீர் ஒரு பெரிய மரத்தண்டின் குடைந்த நுனியில் நிரம்பும். நிரம்பியதும் நுனி தாழ்ந்து நீரைக் கொட்டும். மறுநுனி மேலெழுந்து திரும்ப விழும்போது அதிலுள்ள உலக்கை மண்கட்டியை இடிக்கும். இப்படி இரவும் பகலும் ஊரே இடித்துக்கொண்டிருக்கிறது. 1954இல் லீச் அங்கே சில வாரங்கள் தங்கினார், அதற்குப் பிறகுதான் உலகம் அந்த ஊரைத் தேடி வரத் தொடங்கியது. அங்கே பேருந்து மிகக் குறைவு. உள்ளே அழைக்காவிட்டாலும் வருந்தாமல் ஓடைக்கரையில் நின்று அந்த உலக்கைகளைப் பார்த்துவிட்டு வரலாம். ஷிகராகி கியோட்டோவுக்குப் பக்கம் என்பதால் பலரும் அதைச் சொல்வார்கள். நல்ல ஊர்தான், 1990இல் திறந்த அங்குள்ள மட்பாண்டக் கலைப் பூங்காவும் பார்க்கத் தக்கது, ஆனால் ஊர் பரந்து கிடப்பதால் வண்டி இல்லாமல் சிரமம்.

அனுமதி கிடைத்து உள்ளே போகும்போது சிலவற்றை நினைவில் வையுங்கள். தோள்பையைக் கழற்றி வாசலில் வைத்துவிடுங்கள். திரும்பும்போது பையின் மூலை பலகையில் இடிப்பதால்தான் பெரும்பாலான சேதம் நேர்கிறது. மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். தரையில் குறுக்கே கிடக்கும் பலகையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். காயும் கலத்தை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். பச்சைக்கலத்தின் விளிம்பு அப்பளத்தைப் போன்றது என்று உங்களுக்கே தெரியும். சுட்ட கலத்தைக் கையில் தந்தால் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கைகளாலும் அடியைத் தாங்கி, மேசைக்கோ பாய்க்கோ ஒரு சாண் உயரத்திலேயே வைத்துப் பாருங்கள். பிறகு கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். மெருகு படாத மண் தெரிவது அங்கேதான். ஒரு குயவர் இன்னொரு குயவரின் கலத்தில் முதலில் தேடுவதும் அதைத்தான். நீங்கள் அதைக் கவிழ்க்கும் விதத்திலேயே, வாய் திறந்து சொல்லாமல், நீங்கள் வனைபவர் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தொடும் முன் "சவத்தே மோ ஈ தெஸ் கா" என்றும், படம் எடுக்கும் முன் "ஷாஷின் ஓ தொத்தே மோ ஈ தெஸ் கா" என்றும் கேட்கலாம். இந்த இரண்டு வாக்கியங்கள் போதும்.

மெருகின் அளவுகளைக் கேட்காதீர்கள். சொல்லக் கூடாது என்பதற்காக அல்ல, பலர் சொல்லிவிடுவார்கள்; ஆனால் அந்த ஊர்க் கல்லும் சாம்பலும் இல்லாமல் அந்த அளவு உங்களுக்கு எதற்கும் பயன்படாது, அவரையும் சங்கடத்தில் ஆழ்த்தியதாக முடியும். ஒரு நாளைக்கு எத்தனை செய்வீர்கள், எவ்வளவு சம்பாதிப்பீர்கள் என்பனவும் வேண்டாம். மண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு காலம் பக்குவத்துக்கு வைக்கிறீர்கள், இந்தக் கருவியை நீங்களே செய்தீர்களா என்று கேளுங்கள். மூங்கிலைச் சீவியும் இரும்புப் பட்டையை வளைத்தும் தாமே செய்த கருவிகளைக் காட்டச் சொன்னால் வேண்டாம் என்ற குயவரை நான் பார்த்ததில்லை. நீங்களும் சும்மா போகாதீர்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்போல் கெடாத, சிறு பொட்டலமான ஒன்றை இரண்டு கையாலும் கொடுங்கள். கைப்பேசியில் நம் ஊர் வேளார் செய்த அய்யனார் குதிரைகளின் படங்களை வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய உருவத்தைத் திறந்தவெளியில் வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுடுகிறோம் என்றால், பத்து நாள் சூளை எரிப்பவர்கள் நம்பாமல் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். 20 நிமிடம் என்று நீங்கள் கேட்ட சந்திப்பு அதோடு நீண்டால், அது அவர் விருப்பத்தால் நீண்டது. அப்போதும் ஒரு கண் பலகையில் இருக்கட்டும்.

சூளை எரிந்துகொண்டிருந்தால், அழைத்தாலும் தள்ளியே நில்லுங்கள். பல நாள் முறைவைத்துத் தூங்குபவர்கள் அவர்கள். விறகு போடும் இடைவெளியைக் காதால் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்கள், உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னாலும் மனம் அங்கே இருக்காது. சூளைவாயின் மேல் உப்பும் அரிசிமதுவும் வைத்திருப்பதைக் காண்பீர்கள். அது பூசைப்பொருள், தொடக் கூடாது.

வாங்காமல் திரும்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். காட்சிக்கூடத்தை மட்டும் பார்த்தால் தாராளமாகத் திரும்பலாம். ஆனால் ஒருவர் தம் வேலையை நிறுத்திப் பட்டறையைக் காட்டியிருந்தால், ஒரு சிறு கிண்ணமாவது வாங்குங்கள் என்பது என் கருத்து. இது விதி அல்ல, யாரும் எதிர்பார்ப்பதாகக் காட்டவும் மாட்டார்கள். பிஸெனில் ஒரு தேநீர்க்குவளை சில ஆயிரம் யென்னில் கிடைக்கும்; பெயர்பெற்றவரின் கிண்ணம் அதைப்போல் பல மடங்கு இருக்கும். அங்கே பேரம் பேசுவதில்லை. சிறு பட்டறைகளில் அட்டை செல்லாமல் போகலாம் என்பதால் பணமாக வைத்திருங்கள். அலமாரியில் வைத்துப் பார்க்கும் பெரிய சாடியைவிட, தினம் காலையில் நீங்கள் காப்பி குடிக்கப்போகும் ஒரு குவளையை வாங்கினால் அந்த மண்ணைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்வீர்கள். மெருகில்லாத பிஸென் கலத்தை முதல் முறை பயன்படுத்தும் முன் நீரில் ஊறவையுங்கள்.

பட்டறையில் ஒரு பிடி மண் கேட்டு வாங்கிவர ஆசை வரும், எனக்கும் வந்தது. வெளிநாட்டு மண்ணைக் கொண்டுவர இந்தியாவில் தாவர நோய்த்தடுப்பு விதிகளின்படி கட்டுப்பாடு இருக்கிறது, அதனால் வேண்டாம். வாங்கிய கலங்களைக் கைப்பையிலேயே எடுத்துவாருங்கள். ஒன்றுக்குள் ஒன்றை வெறுமனே செருகாமல் நடுவே துணி வையுங்கள், குவளையின் உட்புறத்தையும் காலுறையால் நிரப்புங்கள், கெண்டியின் மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். விலையுயர்ந்த கலத்தோடு ஒரு மரப்பெட்டி தருவார்கள். மூடியின் மேல் தூரிகையால் கலத்தின் வகையும் வனைந்தவர் பெயரும் எழுதி முத்திரை இட்டிருக்கும். எடை கூடுகிறது என்று அதை விடுதி அறையில் விட்டுவராதீர்கள். அந்தப் பெட்டி கலத்தின் ஒரு பகுதி, அவர் கையெழுத்து இருப்பதும் அதில்தான்.